அலெக்சிஸ் காரெல்

அலெக்சிஸ் காரெல் (ஜூன் 28, 1873 – நவம்பர் 5, 1944) பிரான்சு நாட்டைச் சேர்ந்த அறுவை மருத்துவரும் உயிரியலாளரும் ஆவார். அறுபட்ட இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காகவும், இரத்தக் குழாய்களையும் உறுப்புகளையும் இடம் மாற்றிப் பொருத்தும் ஆய்வுகளுக்காகவும் 1912 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். கால் தமனி அடைபட்டவர்களுக்குச் செய்யப்படும் மாற்றுவழி (பைபாஸ்) அறுவைச் சிகிச்சையில் பொருத்தப்படுவது நோயாளியின் சொந்தச் சிரையாக இருந்தாலும், டேக்ரான் போன்ற செயற்கைக் குழாயாக இருந்தாலும், அதன் இரு முனைகளையும் தமனியுடன் சேர்க்கும் தையல் காரெல் வகுத்த அடிப்படைகளிலிருந்து வளர்ந்ததாகும். ஆயினும் அவர் நோபல் பரிசு பெற்று 36 ஆண்டுகள் கழிந்த பின்னரே அத்தகைய அறுவை ஒரு மனிதக் காலில் வெற்றி பெற்றது. அதற்குள் அவர் இறந்துவிட்டார். இனமேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்தமையாலும், பிரான்சின் விஷி அரசுடன் சேர்ந்து இயங்கியமையாலும் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானவரும் இவரே.

இளமைக் காலம்

பிரான்சின் லியோன் நகரை அடுத்த செயின்ட்-பா-லே-லியோன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை துணி வணிகத்தில் ஈடுபட்டவர். மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். தந்தையின் பெயரான அலெக்சிஸ் என்பதையே மகனும் பின்னர் தன் பெயராகக் கொண்டார். இயேசு சபையினர் நடத்திய பள்ளியில் பயின்று, லியோன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1900 இல் பட்டம் பெற்றார்.

லியோன் பல நூற்றாண்டுகளாகப் பட்டு நெசவுக்கும் பூவேலைக்கும் பெயர் பெற்ற நகரம். காரெலின் பிற்கால ஆய்வில் இந்த ஊர்ச் சிறப்புக்கு நேரடியான பங்கு உண்டு.

கார்னோ கொலையும் தையற் பயிற்சியும்

1894 ஜூன் 24 அன்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகருக்கு வந்திருந்தபோது கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குச் செல்லும் வாயிற்சிரை அறுபட்டது. குருதிப்போக்கை நிறுத்தும் வழி அங்கிருந்த மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. சில மணி நேரத்தில் அவர் இறந்தார். அன்றைய மருத்துவத்தில் பெரிய இரத்தக் குழாய் அறுபட்டால் அதை நூலால் கட்டி அடைப்பதே வழக்கம். கட்டப்பட்ட குழாய் கை அல்லது காலுக்குச் செல்லும் முதன்மைத் தமனியாக இருந்தால், அவ்வுறுப்பு குருதியின்றி அழுகிப் போகும் வாய்ப்பு மிகுதி. வாயிற்சிரை போன்ற குழாயைக் கட்டவும் இயலாது. அப்போது மருத்துவ மாணவராக இருந்த காரெல், துணியைத் தைப்பது போல இரத்தக் குழாயையும் ஏன் தைக்கக் கூடாது என எண்ணத் தொடங்கியது இந்நிகழ்வுக்குப் பின்னரே என்று அவரது வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் குறிப்பிடுகின்றனர்.

அதற்கு முன்னரும் சிலர் முயன்றிருந்தனர். லியோனிலேயே மத்தியூ ழபூலே 1896 இல் விலங்குகளின் தமனிகளைத் தைத்துக் காட்டினார். சிகாகோவில் ஜான் மர்பி துப்பாக்கிக் குண்டால் சேதமுற்ற தொடைத் தமனி ஒன்றை இணைத்தார். ஆனால் இம்முயற்சிகள் அரிதாகவே நிலைத்தன. ஊசியும் நூலும் தடிமனாக இருந்தன. தைத்த இடத்தில் குழாய் சுருங்கியது. நூல் குழாயின் உட்புறம் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் குருதி உறைந்து அடைத்துக்கொண்டது.

காரெல் லியோனின் புகழ்பெற்ற பூவேலைக் கலைஞரான லெரூதியே அம்மையாரிடம் தையல் கற்றார். மருத்துவப் பட்டம் நோக்கிப் படித்துக்கொண்டிருந்த ஓர் ஆண்மகன் பூவேலை செய்யும் பெண்மணியிடம் பாடம் கேட்டது அக்காலத்தில் வேடிக்கையாகத் தோன்றியிருக்கக்கூடும். மிக நுண்ணிய ஊசியையும் பட்டு நூலையும் கொண்டு, தாளின் எப்பக்கத்திலும் தையல் தெரியாதவாறு தைக்கும் அளவுக்கு அவர் கைத்திறன் பெற்றதாகச் சொல்லப்படுகிறது.

தையல் முறை

காரெல் தமது முறையை 1902 இல் லியோன் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். அதன் மையக் கருத்து எளிமையானது. வட்டமான இரு குழாய் முனைகளை அப்படியே தைக்க முயன்றால் எதிர்ப்புறச் சுவர் ஊசியில் மாட்டிக்கொள்ளும், குழாயும் சுருங்கும். அதற்கு மாறாக, வட்டத்தின் விளிம்பில் சம இடைவெளியில் மூன்று இடங்களில் முதலில் ஒவ்வொரு தையல் இட்டு, அந்த மூன்று நூல்களையும் வெளிப்புறமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். வட்டம் முக்கோணமாகிவிடும். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் நேர்கோடு என்பதால், துணியின் விளிம்பைத் தைப்பது போல நெருக்கமான ஓட்டுத் தையலால் அதை மூடிவிடலாம்.

முக்கோண உத்தியே பாடநூல்களில் அவர் பெயருடன் சேர்ந்து நிலைத்தது. ஆனால் அவரது வெற்றிக்கு அதைவிடவும் காரணமாக இருந்தவை சிறு சிறு கவனங்களே எனக் கொள்ள வேண்டும். நூலுக்கு வாசலின் தடவினார். குழாயின் உட்சுவரை இடுக்கியால் நசுக்காமல் கையாண்டார். தைக்கும்போது இரு முனைகளின் உட்படலங்களும் ஒன்றோடொன்று படியுமாறு விளிம்பைச் சற்று வெளிநோக்கித் திருப்பினார்; இதனால் ஓடும் குருதி நூலையும் வெட்டுண்ட சுவரையும் தொடுவது குறைந்தது. கிருமி நீக்கத்தில் அவர் காட்டிய கண்டிப்பு உடன் பணியாற்றியவர்களுக்கே தொல்லையாக இருந்தது. பிற்காலத்தில் நியூயார்க்கில், ஒளி எதிரொளித்துக் கண்ணைக் கூசச் செய்யாதிருக்க, அறுவைக் கூடத்தில் அனைவரையும் கறுப்பு அங்கி அணியச் செய்தார்.

அமெரிக்கா செல்லல்

லியோனில் அறுவை மருத்துவர் பதவிக்கான போட்டித் தேர்வுகளில் காரெலுக்கு வெற்றி கிட்டவில்லை. 1902 இல் லூர்து நகருக்குச் சென்ற நோயாளர் தொடர்வண்டியில் மருத்துவராக உடன் சென்று, அங்கு ஒரு பெண் எதிர்பாராத வகையில் குணமடைந்ததைத் தாம் கண்டதாகக் கூறியது இரு தரப்பிலும் அவருக்குப் பகையைத் தேடித் தந்தது. சமயத்தை ஏற்காத மருத்துவர்கள் அவரை எள்ளினர். சமயத்தார் அவர் ஐயத்துடன் பேசுவதாகக் குறைகூறினர். 1904 இல் பிரான்சை விட்டுக் கனடா சென்றார். விரைவில் அங்கிருந்து சிகாகோ பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

சிகாகோவில் சார்லஸ் கத்ரி என்னும் உடலியங்கியலாளருடன் அவர் செய்த ஆய்வுகள் வியப்புக்குரியவை. நாய்களின் தமனியில் ஒரு துண்டை வெட்டி நீக்கி, அவ்விடத்தில் சிரைத் துண்டைப் பொருத்தினர். சிரையின் மெல்லிய சுவர் தமனியின் அழுத்தத்தைத் தாங்குவதையும், நாளடைவில் தடித்துத் தமனி போலாவதையும் கண்டனர். காலின் சிரையைத் தமனியாகப் பயன்படுத்தும் இன்றைய சிகிச்சையின் ஆய்வக அடித்தளம் இதுவே. சிறுநீரகம், இதயம் ஆகியவற்றையும் இடம் மாற்றிப் பொருத்தினர். நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது கத்ரியின் பெயர் அதில் இடம்பெறவில்லை. அவருக்குரிய பங்கு வழங்கப்படவில்லை என்ற வாதம் மருத்துவ வரலாற்றாளரிடையே நீடித்து வருகிறது. இவ்வாதத்தில் நியாயம் உண்டு. அடிப்படைத் தையல் முறை காரெல் அமெரிக்கா வரும் முன்பே வெளியானது என்றாலும், நிலையான முடிவுகள் கிடைத்தவை இருவரும் சேர்ந்து உழைத்த மாதங்களிலேயே.

1906 இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1908 இல் ஒரு நள்ளிரவில் அவரை அழைத்துச் சென்றனர். அந்நகர அறுவை மருத்துவர் ஒருவரின் பச்சிளங்குழந்தை குருதிப்போக்கால் இறக்கும் நிலையில் இருந்தது. காரெல் தந்தையின் மணிக்கட்டுத் தமனியைக் குழந்தையின் முழங்காலுக்குப் பின்னுள்ள சிரையுடன் தைத்து இணைத்தார். தந்தையின் குருதி நேராகக் குழந்தைக்குள் பாய்ந்தது. வெளுத்துப் போயிருந்த உடல் சிவந்தது. குழந்தை பிழைத்தது. நாய்களில் மட்டுமே நிகழ்ந்த ஒன்றை மனித உடலில் காட்டிய இந்நிகழ்வு, விலங்காய்வை எதிர்த்தோருடனான அன்றைய விவாதத்திலும் பேசப்பட்டது.

1912 இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 39. அமெரிக்காவில் செய்த பணிக்காக மருத்துவ நோபல் பெற்ற முதலாமவர் இவரே. எனினும் அவர் இறுதி வரை பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்தார்.

செயற்கைக் குழாய் முயற்சி

காரெல் உயிருள்ள குழாய்களோடு நின்றுவிடவில்லை. குளிர்நிலையில் பல நாட்கள் சேமித்து வைத்த தமனிகளைப் பொருத்திப் பார்த்தார். 1912 அளவில் நாய்களின் மார்புப் பெருந்தமனிக்குள் கண்ணாடி, அலுமினியம் ஆகியவற்றால் ஆன குழாய்களை மெழுகு பூசிப் பொருத்தினார். சில காலம் குருதி அவற்றினூடே ஓடியது. ஆனால் நிலையான பயன் கிட்டவில்லை. வழவழப்பான, கெட்டியான குழாய்ச் சுவரை உடல் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளவில்லை. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தும் அப்போது இல்லை. இம்முயற்சியை அவர் தொடரவில்லை.

முதல் உலகப் போர்

1914 இல் போர் மூண்டபோது பிரான்சில் இருந்த காரெல் இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். கொம்பியேன் நகரில் ராக்பெல்லர் நிதியுதவியுடன் அமைந்த மருத்துவமனையில், 1913 இல் அவர் மணந்த ஆன்-மரி செவிலியராக உடன் உழைத்தார். சேறு படிந்த போர்க் காயங்களில் சீழ் பிடித்துக் கைகால்கள் வெட்டப்படுவது அன்றாட நிகழ்வாக இருந்தது. அத்தகைய காயத்தில் எவ்வளவு நேர்த்தியாகத் தமனியைத் தைத்தாலும் அது நிலைக்காது. எனவே நோபல் பரிசு பெற்ற தையல் முறையை ஒதுக்கி வைத்துவிட்டு, காயத்தைக் கழுவும் முறையில் கவனம் செலுத்தினார். ஆங்கில வேதியியலாளர் என்றி டேக்கின் உருவாக்கிய சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசலை, சிறு இரப்பர்க் குழாய்கள் வழியாகக் காயத்தின் ஆழத்துக்கு இடைவிடாது செலுத்தும் இம்முறை காரெல்-டேக்கின் முறை எனப்பட்டது. பெனிசிலின் பயன்பாட்டுக்கு வரும் வரை இது பல உறுப்புகளைக் காத்தது.

பிற ஆய்வுகள்

1912 இல் கோழிக் கருவின் இதயத் திசுவிலிருந்து அவர் தொடங்கிய திசு வளர்ப்பு, உதவியாளர்களின் கையில் 1946 வரை தொடர்ந்தது. உயிரணுக்கள் சாவற்றவை என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது. 1961 இல் இயல்பான உயிரணுக்கள் ஓர் எல்லைக்கு மேல் பிரிவதில்லை என எய்ஃப்லிக்கும் மூர்எட்டும் காட்டிய பின் அம்முடிவு கைவிடப்பட்டது. 1930களில் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்குடன் சேர்ந்து, உடலுக்கு வெளியே உறுப்புகளை உயிருடன் வைத்திருக்கும் கண்ணாடி எக்கி ஒன்றை உருவாக்கினார்.

அரசியல் கருத்துகளும் இறுதிக் காலமும்

1935 இல் காரெல் எழுதிய மனிதன் பற்றிய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு மிகுதியாக விற்றது. தகுதி மிக்கோரைப் பெருக்கி ஏனையோரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கருத்து அதில் வெளிப்படையாக உள்ளது. கொடுங்குற்றவாளிகளையும், குற்றமிழைத்த மனநோயாளிகளில் சிலரையும் நச்சு வாயு கொண்டு கொல்லும் நிறுவனங்களை அமைக்கலாம் என்றும் எழுதினார். 1936 இல் வந்த செருமன் பதிப்பின் முன்னுரையில் நாட்சி அரசின் நடவடிக்கைகளைப் பாராட்டும் வரிகள் இடம்பெற்றன. அக்காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் இவ்வாறு எண்ணினர் என்று கூறி இதைத் தணித்துப் பேசுவோர் உண்டு. பலரும் அவ்வாறு எண்ணியது உண்மையே. அதே காலத்தில் அதை எதிர்த்த மருத்துவர்கள் இருந்ததும் உண்மை.

ராக்பெல்லர் நிறுவனத்தில் ஓய்வு பெற்ற பின் 1941 இல் செருமானியர் வசமிருந்த பிரான்சுக்குத் திரும்பினார். மார்ஷல் பெத்தானின் விஷி அரசு அவருக்காக மனித சிக்கல்களை ஆராயும் அறக்கட்டளை ஒன்றை நிறுவியது. 1944 ஆகஸ்டில் பாரிசு விடுவிக்கப்பட்டதும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இதய நோயால் நலிந்திருந்த அவர், விசாரணை எதுவும் நடைபெறும் முன் 1944 நவம்பர் 5 அன்று பாரிசில் இறந்தார். பிரித்தானிக் கரையோரம் அவருக்குச் சொந்தமாயிருந்த செயின்ட்-கில்டாஸ் தீவில் அடக்கம் செய்யப்பட்டார். லியோன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு ஒன்றுக்குச் சூட்டப்பட்டிருந்த அவரது பெயர் 1996 இல் நீக்கப்பட்டு லென்னெக் பெயர் வைக்கப்பட்டது.

கால் தமனி அறுவையில் காரெலின் முறை

கால்களுக்குச் செல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து அடைப்பு ஏற்படுவது புறத் தமனி நோய் எனப்படும். புகைபிடித்தலும் நீரிழிவும் இதன் முதன்மைக் காரணங்களுள் அடங்கும். தொடக்கத்தில் சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் வலி தீரும். நோய் முற்றினால் ஓய்விலும் வலி இருக்கும், புண் ஆறாது, விரல்கள் கறுத்து அழுகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்நிலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் காலை இழந்தனர். வாய்க்கால் அடைபட்டால் பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டுவது போல, அடைப்புக்கு மேலிருந்து கீழே ஒரு குழாயைத் தைத்துவிடலாம் என்பதற்கான கைத்திறன் 1900களிலேயே காரெலிடம் இருந்தது. ஆயினும் அது பயன்படவில்லை.

இத்தாமதத்துக்குக் காரணங்கள் மூன்று. தைத்த குழாயில் குருதி உறைவதைத் தடுக்கும் எப்பாரின், 1916 இல் கண்டறியப்பட்டாலும், நோயாளிகளுக்குத் தரும் அளவுக்குத் தூய்மையாகக் கிடைத்தது 1930களின் நடுவில்தான். அடைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் தமனி ஊடுகதிர்ப் படம் 1920களின் இறுதியிலேயே போர்த்துகல் நாட்டில் உருவானது. மூன்றாவது காரணம் பழக்கம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரின் 2,471 தமனிக் காயங்களைத் தொகுத்த மைக்கேல் டிபேக்கியும் பியோரிந்தோ சிமியோனும், அவற்றுள் 81 இல் மட்டுமே தையல் முயலப்பட்டதை 1946 இல் தெரிவித்தனர். நோபல் பரிசு வழங்கி ஒரு தலைமுறை கடந்த பின்னும் நூலால் கட்டி அடைப்பதே நடைமுறையாக இருந்தது. காயம்பட்டவர் அறுவைக் கூடத்தை அடையப் பல மணி நேரம் ஆனதே இதற்கு முதன்மையான காரணம். கைத்திறனை மட்டும் குறை சொல்வது பொருந்தாது. கொரியப் போரில் தமனியைச் சீராக்குவது வழக்கமானபோது உறுப்பிழப்பு வெகுவாகக் குறைந்தது.

1948 ஜூன் 3 அன்று ழான் குன்லின், நோயாளியின் சொந்தத் தோலடிச் சிரையை எடுத்து, தொடைத் தமனி அடைப்பின் மேலும் கீழுமாகத் தைத்தார். குன்லின், காரெலின் லியோன் நண்பரான ரெனே லெரிஷின் உதவியாளர். தமனியை வெட்டி முனையோடு முனை சேர்க்காமல், அதன் பக்கவாட்டில் துளையிட்டுச் சிரையை இணைத்தார். இதனால் இயற்கையாக உருவாகியிருந்த சிறு கிளைக் குழாய்கள் சேதமுறவில்லை. இம்முறை இன்றும் பின்பற்றப்படுகிறது.

எல்லா நோயாளிகளிடமும் நல்ல சிரை கிடைப்பதில்லை. சிலருக்கு அது மெலிந்தோ புடைத்தோ இருக்கும். சிலருக்கு இதய அறுவைக்காக ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். காரெல் கைவிட்ட செயற்கைக் குழாய் இங்கே மீண்டும் தேவைப்பட்டது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வூர்ஹீஸ், நாயின் இதயத்துக்குள் விடப்பட்டிருந்த பட்டு நூலின் மீது சில மாதங்களில் பளபளப்பான மெல்லிய படலம் படர்ந்திருந்ததை 1947 இல் கண்டார். நூலின் மீது படலம் படருமானால் துணியின் மீதும் படரும் என அவர் எண்ணினார். கண்ணாடியும் உலோகமும் தோற்ற இடத்தில் நுண்துளைகள் கொண்ட துணி வெல்லும் என்பது அவரது கருத்து. வினியான்-என் என்னும் செயற்கை இழைத் துணியால் குழாய் தைத்து விலங்குகளில் பொருத்தி 1952 இல் முடிவை வெளியிட்டார். 1953 இல் மனிதரிலும் பயன்படுத்தப்பட்டது. ஊஸ்டன் நகரில் டிபேக்கி டேக்ரான் துணியைத் தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் தைத்துக் குழாயாக்கினார். பின்னர் ஆலைகளில் தையலின்றிப் பின்னப்பட்ட குழாய்கள் வந்தன. பின்னல் குழாயின் துளைகள் வழியே குருதி கசியாதிருக்க, அதை முதலில் நோயாளியின் குருதியிலேயே நனைத்து உறையவைக்கும் வழக்கம் இருந்தது. 1970களில் விரித்து நீட்டப்பட்ட பாலிடெட்ராபுளோரோஎத்திலீன் குழாய்கள் (கோர்-டெக்ஸ் என்ற வணிகப் பெயரால் அறியப்பட்டவை) தொடையிலிருந்து முழங்கால் வரையிலான மாற்றுவழிக்குப் பயன்படத் தொடங்கின.

அகன்ற குழாய்களில், அதாவது வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து தொடைக்குச் செல்லும் மாற்றுவழியில், டேக்ரான் நீண்ட காலம் நன்கு இயங்குகிறது. முழங்காலுக்குக் கீழே குழாய் குறுகும்போது அதன் குறை தெரிகிறது. அங்கே குருதி மெதுவாக ஓடுவதால் உறையும் வாய்ப்பு மிகுதி. மேலும் தமனி நாடித் துடிப்புக்கேற்ப விரிந்து சுருங்குகிறது. செயற்கைக் குழாய் அவ்வாறு செய்வதில்லை. இரண்டும் சேரும் தையலில், குறிப்பாகக் கீழ் முனையில், உட்படலம் தடித்து வளர்ந்து வழியை மீண்டும் அடைக்கிறது. செயற்கைக் குழாயில் கிருமி தொற்றினால் பெரும்பாலும் அதை முழுவதுமாக நீக்க வேண்டியுள்ளது. இக்காரணங்களால் நல்ல சிரை இருக்கும்போது அதையே முதலில் தேர்ந்தெடுக்கின்றனர்.

காலை இழக்கும் நிலையிலுள்ள சுமார் 1,830 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட பெஸ்ட்-சிஎல்ஐ என்னும் ஆய்வு 2022 இல் வெளியானது. ஒரே நீளமாக நல்ல தோலடிச் சிரை உடையவர்களுக்கு, குழாய்க்குள் பலூன் செலுத்தி அடைப்பை விரிக்கும் முறையைவிட மாற்றுவழி அறுவை கூடுதல் பயன் தந்ததாக அது காட்டியது. அத்தகைய சிரை இல்லாதவர்களிடம் இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. 1905 ஆம் ஆண்டை ஒட்டிச் சிகாகோ ஆய்வகத்தில் நாயின் தமனியில் தைக்கப்பட்ட சிரைத் துண்டுக்கு ஈடான செயற்கைக் குழாய், முழங்காலுக்குக் கீழே இன்னும் கிடைக்கவில்லை.